ஸ்பெஷல் டீச்சர் ஆகணுமா? சேரும் முன் இதைப் பாருங்க!

பிளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் ஆக நினைக்கும் வள்ளூர், மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் குழம்பும் இடம் இது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த, இரண்டாண்டு தொடக்கக் கல்வி டிப்ளமோவும் டெட் தேர்ச்சியும் வேண்டும். ஆனால், சிறப்பாசிரியர் ஆக அந்த டிப்ளமோ மட்டும் செல்லாது.

அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு இல்லாமல் பணி செய்தால், 1992-ம் ஆண்டு சட்டப்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு!

தேவை இருக்கிறதா? தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் என 2022-ல் மத்திய அரசே அறிவித்துவிட்டது.

மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. வள்ளூரிலிருந்து சென்னையையே கடந்து போகணும். பக்கத்திலேயே தனியார் கல்லூரி கிடைத்தாலும் போர்டை மட்டும் நம்பாதீங்க. அங்கீகாரம் காலக்கெடுவோடு தரப்படுவது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு அது இருக்கிறதா என ஆர்.சி.ஐ. தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்க.