பாட்டிக்கு ஒரு பக்கம், பேரனுக்கு ஒரு பக்கம்

தோட்டத்து லயங்களில் விளக்கை அணைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் வெளிச்சம். இரவில் அதை நிறுத்திவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கும் இருட்டுதான். அந்தத் தோட்டங்களை விட்டு மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா, ஆயர் குரோ பக்கத்துத் தாமான்களுக்குக் குடிவந்தவர்களின் வீட்டில் இன்று ஆட்டோ கேட், சிசிடிவி, ஏர்கோன், சாமி மேடை விளக்கு வரை எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே இயக்கிவிடலாம். ஒருவர் கையில் இருந்த சுவிட்ச் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சுவிட்ச் சரிப்படுமா என்பதைத்தான் இன்னும் பலர் யோசிக்கவில்லை.

வீட்டுத் தானியக்கத்துக்கு இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள்களில் ஒன்று ஹோம் அசிஸ்டன்ட். 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கியது. வீட்டின் ஒரு மூலையில் ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி ஒன்று இருந்தால் போதும். அது விளக்குகளையும் கதவுகளையும் கவனித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு வலைப்பக்கமாகக் காட்டும். பிரௌசர் உள்ள ஏறக்குறைய எந்தக் கருவியிலும் அந்தப் பக்கம் திறக்கும். வசதி அதுதான், தொல்லையும் அதுவேதான். மேசைக்கணினியில் அழகாக இருக்கும் பக்கம் கைப்பேசியில் நீண்ட வாலாகிறது.

ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்த வேண்டும் என்ற சிந்தனை பழையது. 2007இல் வந்த ஐபோனின் திரை 320 பிக்சல் அகலம்தான். ஆனாலும் அது தன்னை 980 பிக்சல் அகலமாகப் பாவித்துக்கொண்டு, கணினிப் பக்கங்களைச் சுருக்கிக் காட்டியது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் எழுதிய கட்டுரைதான், திரைக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் வலை வடிவமைப்புக்குப் பெயரும் இலக்கணமும் தந்தது. செய்தி வாசிக்க அந்த இலக்கணம் போதும். மூன்று பத்தி இரண்டு பத்தியானால் வாசகருக்கு ஒன்றும் நட்டமில்லை.

வீட்டுச் சுவிட்ச் அப்படியில்லை. நடு இரவில் கழிவறை விளக்கைத் தேடும் கை, கண்ணால் தேடுவதில்லை. இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஹோம் அசிஸ்டன்டின் பழைய அமைப்பு, பொத்தானோ வரைபடமோ அமரும் கட்டங்களான அட்டைகளைத் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பிரித்து அடுக்கும். எந்த வரிசையில் இடம் இருக்கிறதோ அங்கே அடுத்த அட்டை போய் உட்காரும். கைப்பேசியைப் படுக்கைவாக்கில் திருப்பினாலே சமையலறை விளக்கு வேறு மூலைக்கு ஓடிவிடும். 2024 மார்ச்சில் வந்த புதிய அமைப்பு இதை ஓரளவு சரிசெய்தது. அறைவாரியாகப் பிரித்து வைத்தால், அந்தப் பிரிவு அப்படியே நகருமே தவிர அதற்குள் உள்ளவை கலைவதில்லை. மென்பொருள்காரர்கள் இதைச் செய்ய இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வியப்பு.

ஆனால் திரையின் அகலம் பிரச்சினையில் பாதிதான். மெர்லிமாவில் ஒரு தாமான் வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மட்டும். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பேரன் பள்ளி விடுமுறைக்கு வருவான். பாட்டி சுவரில் மாட்டிய டேப்லெட்டுக்கு முன் கண்ணாடி போடாமல் நிற்பார். மகன் பேருந்தில் நின்றபடி, கேட் மூடியிருக்கிறதா என்று ஒரு கையால் பார்ப்பார். மின்கட்டண வரைபடத்தைப் பெரிய திரையில் ஆராய்பவன் பேரன் ஒருவன்தான். இம்மூவருக்கும் ஒரே பக்கத்தை நீட்டிச் சுருக்கிக் கொடுப்பது வீண்வேலை. மூன்று பக்கம் செய்துவிடுவதே மேல். 2010இல் தொடங்கிய ஓப்பன்ஹேப் என்ற மென்பொருள் இதை முன்பே உணர்ந்து, சுவர்த் திரைகளுக்கென்றே ஹேப்பேனல் என்று தனி முகப்பு வைத்திருந்தது.

பாட்டியின் பக்கத்தில் ஆறேழு பொத்தான்களுக்கு மேல் வேண்டாம். விரல் படும் இடம் குறைந்தது 44 புள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். கூகுள் 48 என்கிறது, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர். அது கையில் பிடிக்கும் கருவிக்கான கணக்கு. எட்ட நின்று தொடும் சுவர்த் திரைக்கு அதன் இரண்டு மடங்கு வைத்தாலும் தவறில்லை. டேப்லெட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்து, இந்தப் பக்கமே முதலில் வரும்படி செய்துவிடலாம். மற்றதை மறைத்தும் வைக்கலாம். மறைத்ததாலேயே பூட்டியதாகிவிடாது; விவரம் தெரிந்த பேரன் உள்ளே போய்விடுவான்.

மொழியும் கணக்குக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். பட்டியலில் தமிழ் உண்டு. மொழிபெயர்க்காத இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஆனால் விளக்குக்கும் விசிறிக்கும் நாம் சூட்டிய பெயர்கள் மொழியோடு மாறுவதில்லை. மகன் அவசரத்தில் ‘லைட் 2’ என்று வைத்தால் பாட்டிக்கும் அது லைட் 2தான். நல்லவேளை, ஒவ்வொரு அட்டையிலும் வேறு பெயர் எழுத இடம் இருக்கிறது: பாட்டியின் பக்கத்தில் ‘சாமி மேடை’, மகனுடையதில் அவர் வைத்த பெயர். பெயர் நீண்டால் குறுகிய பொத்தானில் பாதி விழுங்கப்படும், அதனால் சுருக்கமாக வைப்பது நல்லது.

சுவரில் மாட்ட யாரும் புது டேப்லெட் வாங்குவதில்லை. அலமாரியில் தூங்கும் பழையதுதான் வரும். அங்கேதான் வலைப்பக்கம் அடம்பிடிக்கும். ஆண்ட்ராய்டு 5க்கு முந்தைய கருவிகளில் செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதியைத் தனியாகப் புதுப்பிக்க வழியில்லை. பழைய ஐபேடில் எந்த பிரௌசரை நிறுவினாலும் உள்ளே ஓடுவது அந்த ஐஓஎஸ் பதிப்போடு வந்த இயந்திரமே. ஹோம் அசிஸ்டன்ட் தன் முகப்பைப் புதிய பிரௌசருக்கு ஒன்று, பழையதற்கு ஒன்று என இரண்டாகவே தயாரித்து அனுப்புகிறது. அப்படியும் மிகப் பழைய கருவிகளில் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். தப்பிப் பிழைத்தவற்றில் வரைபடங்களையும் நேரலை கேமராவையும் எடுத்துவிட்டால் பொத்தான்கள் சுறுசுறுப்பாகும்.

கைப்பேசிப் பக்கத்தில் மறக்கக் கூடாதது ஆட்டோ கேட். சட்டைப்பையில் கிடக்கும்போது தட்டுப்பட்டால் வீடு திறந்துவிடும். எனவே அந்தப் பொத்தானுக்கு மட்டும் ‘திறக்கவா?’ என்று மறுமுறை கேட்கும்படி அமைக்க வேண்டும். சுவர் டேப்லெட்டில் இந்தக் கேள்வி வேண்டாம், பாட்டி எரிச்சல்படுவார். அந்த டேப்லெட்டை எந்நேரமும் சார்ஜரிலேயே விட்டால் பேட்டரி உப்பக்கூடும். சார்ஜரை ஸ்மார்ட் பிளக்கில் செருகி, பேட்டரி 30 விழுக்காட்டுக்கு இறங்கும்போது ஏற்றவும் 80ஐத் தொட்டதும் நிறுத்தவும் அதே மென்பொருளிடம் சொல்லிவிடலாம்.