சொந்தச் சொற்களில் சொல்வது எப்படி?

"புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதாதே, புரிந்துகொண்டு சொந்த நடையில் எழுது" என்று ஆசிரியர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். சொந்த நடை என்றால் என்ன? பிறர் சொன்ன செய்தியில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? இது தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. சில வேளைகளில் உடல்நலமும் உயிரும் இதைப் பொறுத்தே இருக்கின்றன.

பதவுரையும் பொழிப்புரையும்

தமிழுக்கு இது புதிய கலை அன்று. செய்யுளைப் படிக்கும்போது பதவுரை, பொழிப்புரை என்னும் இரண்டையும் காண்கிறீர்கள் அல்லவா? பதவுரை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தருகிறது. பொழிப்புரை, செய்யுள் சொல்லும் கருத்தைத் திரட்டி நம் வழக்கில் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், உரை எப்படி அமைய வேண்டும் என்பதற்கே இலக்கணம் வகுத்திருக்கிறது. கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை ஆகியவற்றை உரையின் உறுப்புகளாக அது கூறுகிறது. அறிவியல் பாடத்திற்கும் நாம் எழுத வேண்டியது இத்தகைய உரைதான்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் வாக்கியங்களைப் பாருங்கள்:

"ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலே எழும்போது குளிர்ந்து, காற்று வந்து மோதும் சரிவில் மழையைப் பொழிகிறது. மறு சரிவில் இறங்கும்போது அது வெப்பமடைவதால் அங்கு மழை குறைவாகப் பெய்கிறது. அப்பகுதியை மழை நிழல் பகுதி என்பர்."

இதை மூன்று மாணவர்கள் சொந்த நடையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் மாணவர், "ஈரமான காற்று குன்றில் முட்டி உயரே போகையில் சில்லென்று ஆகி…" என்று தொடங்குகிறார். இவர் சொற்களை மட்டும் மாற்றினார். அதிலும் மலைத்தொடர் குன்றாகிவிட்டது! சிறு குன்றைக் காற்று சுற்றிக்கொண்டு போய்விடலாமே!

இரண்டாமவர், "மலையின் நிழல் விழுவதால் அந்தப் பக்கம் மழை குறைகிறது" என்கிறார். 'நிழல்' என்பது இங்கே உவமை. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கலைச்சொல்லை அவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்.

மூன்றாமவர், "மலைக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் மழை பெய்யாது" என்று சுருக்கினார். 'குறைவு' என்பது 'இல்லை' என்றாயிற்று. மூலத்தில் இல்லாத 'கிழக்கு' நுழைந்தது. காற்றின் திசை விடுபட்டுப் போயிற்று.

சரியான உரை எப்படி இருக்கும்? நமக்குத் தெரிந்த ஓர் ஊரை வைத்துச் சொல்லிப் பார்ப்போம்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதற்கு மேற்கே, கேரள எல்லைக்கு அப்பால் ஏலமலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால், மலையேறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாகி, மலையில் மழையாகக் கொட்டுகிறது. ஏலச் செடி விரும்பும் ஈரம் இப்படித்தான் கிடைக்கிறது. மலையைத் தாண்டிப் போடிப் பக்கம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. 1000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடும். மேகம் கலைகிறது. அதனால் அந்த மாதங்களில் போடியில் மழை குறைவு.

இந்த உரை சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. "அக்டோபரில் என்ன ஆகும்?" என்று அதனைக் கேளுங்கள். அப்போது வடகிழக்குப் பருவக்காற்று எதிர்ப்புறமிருந்து வருகிறது. ஆகவே கிழக்கு அடிவாரத்தில் உள்ள போடிக்கும் மழை கிடைக்கும். உண்மையும் அதுதான். "கிழக்கே மழை பெய்யாது" என்று எழுதியவரால் இதை விளக்க முடியுமா? நிபந்தனையை விட்டுவிட்ட உரை, அடுத்த கேள்வியிலேயே தடுக்கி விழுந்துவிடும்.

பச்சைக் குறியின் பொருள்

போடியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் நாள்தோறும் ஏராளமானோர் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அங்கே பூச்சிக்கு 'மருந்து' அடிப்பது வழக்கம். அந்த டப்பாவில் உள்ளதைப் படித்துச் சொல்லும்படி வீட்டுப் பெரியவர்கள் உங்களிடம் கேட்கலாம்.

நம் நாட்டின் 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, டப்பாவின் மேல் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு. பச்சை என்றால் குறைந்த நஞ்சு. இதை ஒருவர், "பச்சை என்றால் பயமில்லை" என்று சொல்லிவிட்டால்? 'குறைவு' மறுபடியும் 'இல்லை' ஆகிவிட்டது. இம்முறை இழப்பு மதிப்பெண் அன்று. அதை நம்புகிறவர் கையுறை இல்லாமல் கலக்குவார். கை கழுவாமல் சோற்றில் கை வைப்பார்.

"அப்பா, பச்சை போட்டிருந்தாலும் இதுவும் விஷந்தான். மத்ததைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமச் சாப்பிடாதீங்கப்பா" என்று சொல்லுங்கள். இது டப்பாவில் உள்ள மொழி அன்று. பொருள் மட்டும் அதுவேதான். அதுபோல, லிட்டருக்கு 2 மில்லி என்றிருந்தால் அதை "ஒரு மூடி" என்று மாற்றாதீர்கள். மூடிக்கு மூடி அளவு மாறும்.

எப்படிப் பழகுவது?

முதலில் பகுதியை முழுவதும் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அதன் சொற்களே வந்து நிற்கும். உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வதுபோல் எழுதுங்கள். பின்னர் புத்தகத்தைத் திறந்து நான்கைச் சரிபாருங்கள்: எண்களும் அலகுகளும் மாறாமல் இருக்கின்றனவா? 'சில', 'குறைவாக', 'பெரும்பாலும்' போன்ற அளவுச் சொற்கள் தப்பினவா? 'ஆல்', 'போது' என்று வரும் காரணமும் நிபந்தனையும் இருக்கின்றனவா? மூலத்தில் இல்லாத எதையேனும் சேர்த்தீர்களா?

கலைச்சொற்களை மாற்ற வேண்டாம், விளக்கினால் போதும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சொற்கள் உங்களுடையவையானாலும் கருத்து இன்னொருவருடையது. அது யாருடையது, எந்த நூலில் உள்ளது என்று குறிப்பிடுவதே முறை.

இன்று படித்த அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை எடுத்து இவ்வாறு எழுதிப் பாருங்கள். எழுதும்போது பேனா எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். நாளை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.