மின் நிலையத்துக்கு யார் காவல்? ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் கோளாறு வந்தது என்றார் மின்சக்தி அமைச்சர். இலங்கை முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலை அனல் மின் நிலையமும் நின்றுவிட்டதால் அடுத்த சில நாட்களும் மின்வெட்டுத்தான். கடலோரத்தில் தொடங்கிய கோளாறு, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கிற பட்டிப்பொல வரைக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டப் பக்கம் கரண்ட் போனால் வீட்டு விளக்கோடு முடிவதில்லை. ஜெனரேட்டர் இல்லாத தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற காற்றாடியும் நின்றுபோகும்.

இனி இப்படி நடக்காமலிருக்க, மின் நிலையங்களின் காவலைச் சீராக்க வெளி ஆலோசகர்களைப் பணம் கொடுத்து அழைக்கலாமா? அழைக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் மதிலையும் கமராவையும் பற்றி அவர்கள் பேச வருவதற்கு முன்னால், எந்த நிலையம் விழுந்தால் நாடே விழும் என்ற கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 16 அதிகாலை, கலிபோர்னியாவின் சான் ஓசே நகருக்கு அருகே மெட்காஃப் என்ற உப மின் நிலையம். யாரோ முதலில் தொலைபேசிக் கேபிள்களை வெட்டினார்கள். பிறகு வேலிக்கு வெளியே நின்று சுட்டு 17 மின்மாற்றிகளைப் பழுதாக்கினார்கள். குண்டு துளைத்த ஓட்டைகளில் குளிரூட்டும் எண்ணெய் வடிந்து, மின்மாற்றிகள் சூடேறின. நட்டம் ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல். அப்படியும் பெரிய மின்தடை வரவில்லை, ஏனென்றால் மின்சாரத்தை வேறு வழிகளில் திருப்பிவிட முடிந்தது. அதன்பிறகு காவலுக்குப் பெரும் பணம் ஒதுக்கினார்கள். இருந்தும் 2014 ஓகஸ்ட்டில் அதே நிலையத்தின் வேலியை வெட்டிக்கொண்டு திருடர்கள் உள்ளே போய்க் கருவிகளை எடுத்துச் சென்றார்கள். ஊரைக் காப்பாற்றியது மாற்று வழி. வேலி திருடர்களைக்கூடத் தடுக்கவில்லை.

அதே 2014இல் அங்கே ஒரு கட்டாய விதி வந்தது. எந்த நிலையம் செயலிழந்தால் மின் வலையமைப்பே நிலைகுலையும் என்று நிறுவனம் முதலில் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கையும், அதை வைத்துத் தீட்டுகிற பாதுகாப்புத் திட்டத்தையும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத வெளியார் சரிபார்க்க வேண்டும். ஆலோசகருக்குரிய சரியான இடம் இதுதான்.

“எங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியாததா?” என்று கேட்பார்கள். தெரியும், வலையமைப்பை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் 2008 ஒக்டோபர் 28 அன்று விடுதலைப் புலிகளின் விமானம் களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் குண்டு போட்டது. 2020 ஓகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டியவில் பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறு நாட்டை இருளாக்கியது. பிறகு குரங்கு. ஆபத்து ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு வருகிறது. ஒரே இடத்தைத் தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சில ஓட்டைகள் பழகிப்போகும், அதனால்தான் வெளிக் கண் தேவை. பலவீனங்கள் வெளியாருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் நியாயமானது. அந்த அமெரிக்க விதியே இரகசியம் காக்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்குகிறது. இங்கேயும் அதைச் செய்யலாம்.

எனக்குப் பெரிதாகப் படுகிற எதிர்ப்பு செலவு பற்றியது. ஆலோசகரின் கூலி கடைசியில் நம் கரண்ட் பில்லில்தான் வந்து நிற்கும். அதனால் கமராவும் வேலியும் விற்கிற கம்பனிக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. விற்கிறவர் தன் சரக்கைத்தான் மருந்தாகச் சொல்வார். இன்னொன்று, கொழும்பில் உட்கார்ந்து எழுதுகிற அறிக்கை மலையகத்துக்குப் பொருந்தாது. காட்டையும் தேயிலை மலையையும் கடந்து லைன் வருகிற பட்டிப்பொல போன்ற இடங்களில், மண் சரிவும் முறிந்து விழும் மரமும் திருடனைவிடப் பெரிய எதிரிகள். எந்தத் தூண் எப்போது சரியும் என்று லைன் வேலை செய்கிறவருக்கும் அந்தத் தோட்டத்து மக்களுக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதாத அறிக்கைக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

மின் கட்டணத்தை மாற்றும் முன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது எழுதுங்கள்: ஒரு நிலையம் விழுந்தால் நாடு விழாமலிருக்க என்ன செய்திருக்கிறீர்கள், அதை வெளியார் யார் சரிபார்த்தார்கள்? தமிழிலேயே எழுதுங்கள்.