கூலி வாங்காத நடுவர்கள்!

விஞ்ஞான உலகுக்கு நடுவர் தேடித் தந்த ஒரு கம்பெனியின் கதை

அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்கள், கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். எடை மேடையில் ஏறி இறங்காமல் எந்த வண்டியும் உள்ளே போக முடியாது. “என் கரும்பு இத்தனை டன்” என்று சொந்தக்காரர் சொன்னால் போதாது. வேறொருவர் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அறிவுக்கும் அப்படி ஓர் எடை மேடை உண்டு!

ஒரு விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். ஆசிரியர் உடனே அச்சுக்குக் கொடுத்துவிட மாட்டார். அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். இவர்கள்தான் நடுவர்கள். சோதனை ஒழுங்காக நடந்ததா, கணக்கு சரியா, முடிவு பொருந்துகிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள்.

இதற்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. இவர்கள் பெயர்கூட வெளியே தெரியாது. ஆனால் நாம் விழுங்கும் மாத்திரைக்கும், வயலில் நடும் புதிய ரகக் கரும்புக்கும் பின்னால் இவர்கள் பார்த்துத் தேர்ந்த ஆராய்ச்சி இருக்கிறது.

நடுவர்கள் தவறினால்?

நடுவர்களும் மனிதர்கள்தானே! தவறுவதும் உண்டு. அதற்கு ஒரு தமிழரின் கதையே சாட்சி.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1983-ல் நோபல் பரிசு பெற்ற மேதை. 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ என்ற வானியல் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார்.

1958-ல் யூஜின் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானி ஒரு கட்டுரை அனுப்பினார். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது என்பது அவர் கண்ட முடிவு. இரண்டு நடுவர்கள் பார்த்தார்கள். இருவருமே கூடாது என்று தள்ளிவிட்டார்கள். முதலில் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு எழுதட்டும் என்று ஒருவர் கேலியும் செய்தாராம்.

சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் நடுவர்கள் கணக்கில் ஒரு பிழையைக்கூடச் சுட்டிக் காட்டவில்லை. அதனால் கட்டுரையை வெளியிட்டார். 1935-ல் எடிங்டன் என்ற பெரிய விஞ்ஞானி, சபை நடுவே தம்முடைய ஆராய்ச்சியை எள்ளி நகையாடியதை அனுபவித்தவர் அல்லவா அவர்!

1962-ல் மாரினர் 2 விண்கலம் சென்று பார்த்தது. சூரியக் காற்று உண்மைதான்! 2018-ல் பார்க்கர் பெயரையே தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டது. 91 வயதான பார்க்கர் அதை நேரில் நின்று பார்த்தார்.

ஆள் கிடைக்கவில்லை!

அந்தக் காலத்தில் நடுவரைத் தேடுவது ஆசிரியரின் சொந்தப் பழக்கத்தால் நடந்தது. பிறகு கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. நடுவர்களோ கிடைக்கவில்லை. 2013-ல் பத்து அறிக்கைகள் வாங்க சராசரியாக 19 பேரை அழைக்க வேண்டியிருந்தது. 2017-ல் அது 24 பேராக உயர்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நியூசிலாந்துக்காரர் ஒருவருக்கு ஒரு யோசனை உதித்தது. பெயர் ஆண்ட்ரூ பிரஸ்டன். பௌதிகம் படித்தவர். டேனியல் ஜான்ஸ்டன் என்ற நண்பருடன் சேர்ந்து 2012-ல் ‘பப்ளான்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். பப்ளான் என்பது விஞ்ஞானிகளின் கேலிச் சொல். கட்டுரையாக வெளியிடக்கூடிய மிகச் சிறிய ஆராய்ச்சித் துணுக்கு என்று அர்த்தம்.

யோசனை எளிமையானது. யார் எத்தனை கட்டுரைகளை நடுவராகப் பார்த்தார் என்று கணக்கு எழுதி வைப்பது. கூலி இல்லாவிட்டாலும், செய்த வேலைக்கு அத்தாட்சி உண்டு. பதவி உயர்வு கேட்கும்போது காட்டலாம். கணக்குப் புத்தகம் நிறைய நிறைய, எந்தத் துறைக்கு யார் தகுந்தவர் என்று ஆசிரியர்களுக்கும் தெரிந்தது. ஆள் தேடித் தருவதே ஒரு தொழிலாயிற்று!

2017-ன் இரண்டு முகங்கள்

கம்பெனிக்கு 2017 பொன்னான ஆண்டு. ஒன்றரை லட்சம் ஆராய்ச்சியாளர்களுக்கு மேல் பதிந்திருந்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் கிளாரிவேட் என்ற பெரிய நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஓர் இடி விழுந்திருந்தது. புற்றுநோய் பற்றிய ‘டியூமர் பயாலஜி’ பத்திரிகையில் முன்பு வெளிவந்த 107 கட்டுரைகள் ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டன. காரணம், போலி நடுவர்கள்! உண்மையான விஞ்ஞானிகளின் பெயர்களைச் சொல்லி, போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்திருந்தார்கள். “கட்டுரை நன்றாக இருக்கிறது” என்ற பதில் போலி முகவரியிலிருந்து வந்தது. புற்றுநோயாளியின் உயிரோடு விளையாடும் வேலை அல்லவா இது?

தகுந்த நடுவரைத் தேடுவது எத்தனை பெரிய பொறுப்பு என்று அன்று உலகம் உணர்ந்தது. பப்ளான்ஸ் 2022-ல் தனிப் பெயரை இழந்து, கிளாரிவேட்டின் ‘வெப் ஆஃப் சயன்ஸ்’ என்ற சேவையில் கலந்துவிட்டது. அது தொடங்கிய கணக்கு மட்டும் தொடர்கிறது.

நம்மவர் எங்கே?

2018-ல் பப்ளான்ஸ் வெளியிட்ட அறிக்கை ஒன்று நமக்கும் சம்பந்தப்பட்டது. உலகில் நடக்கும் நடுவர் வேலையில் ஏறக்குறையப் பாதியைச் செய்பவர்கள் பத்தில் ஒரு பங்கினரே! பணக்கார நாட்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் பகுதிக்காரர்களையே அழைக்கிறார்கள். வளரும் நாட்டினருக்கு அழைப்பு குறைவு. ஆனால் அழைத்தால் ஒப்புக்கொள்வதில் முந்துபவர்கள் இவர்கள்தான்!

மனம் இருக்கிறது; அழைப்புதான் இல்லை. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து படிக்கப் போகும் பிள்ளைக்கும் ஒரு நாள் அந்த அழைப்பு வரலாம். கூலி இராது, பெயரும் வராது. ஆனாலும் நிறுவை சரியாக இருக்க வேண்டும். ஆளைத் தேடித் தரக் கம்பெனிகள் வரும், போகும். நேர்மையை அந்த ஆள்தான் கொண்டுவர வேண்டும்!