இருட்டும் தெரிய வேண்டும்

உதயம் தியேட்டர் போன பிறகு அசோக் நகர்க்காரர்களுக்குக் காசி, கமலா; அதை விட்டால் வீட்டு ஹால்தான். நகைச்சுவைப் படத்துக்கு ஹால் போதும். 'சுழல்' போன்ற தொடருக்குத்தான் தகராறு.

புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அந்த 8 பகுதித் தொடர் 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது. மலையூர், எரியும் சிமென்ட் ஆலை, மயானக் கொள்ளைத் திருவிழாவின் இரவுகள். கதையில் பாதி அந்த இருட்டில் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் புகை கட்டம் கட்டமாக உடைகிறது. வானம் வரி வரியாகப் பிரிகிறது.

காரணம் இதுதான். 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். இரவுக் காட்சி முழுவதும் அதில் அடியிலுள்ள சில படிகளுக்குள் முடங்குகிறது. இணையத்தில் அனுப்பப் படத்தைச் சுருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாது என்று முதலில் கழித்துவிடுவதும் நிழல் பகுதியின் நுணுக்கத்தைத்தான். 10 பிட் எச்டிஆரில் 1024 படிகள். வரிகள் பெரும்பாலும் மறையும். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நொடிக்கு சுமார் 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்பார்கள். சாதாரண ப்ளூ-ரே வட்டிலேயே படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. ஸ்ட்ரீமிங்கின் சுருக்கமுறை புதியது, திறமையானது; ஆனாலும் இருட்டில் வட்டுக்குத்தான் என் ஓட்டு. நம் தொடர்களை யாராவது வட்டில் போட்டால் தேவலை!

2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' போர் இரவு ஒன்றும் தெரியவில்லை என்று உலகமே புலம்பியது. ஒளிப்பதிவாளரோ வீட்டு டிவி அமைப்பைக் குறை சொன்னார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

கடையில் பளிச்சென்று காட்ட வைத்த 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' மோடில் வையுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை அது மெகா சீரியல் ஆக்கிவிடும். செயலியில் தரத்தை உச்சத்தில் வைத்து, முடிந்தால் வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போடுங்கள். மொபைலுக்கு மட்டுமான மலிவுத் திட்டத்தில் 4கே வராது.

டியூப்லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று போதும். ஜன்னலில் தெருவிளக்கு அடித்தால் திரையை இழுத்து விடுங்கள். புது டிவிக்குத் தவணை கட்டுவதற்கு முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்.