நத்தையும் வௌவாலும்

நெல் வயலில் ஊரும் நத்தையையும் தோட்டத்தில் இரவில் பறக்கும் வௌவாலையும் பயிரின் பகைவர்கள் என்றே பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா?

தங்க ஆப்பிள் நத்தை, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் நத்தை. அங்கு இதனை முதன்மை உணவாகக் கொள்ளும் பருந்து இனமும் உண்டு. உணவுக்காக வளர்க்கும் நோக்கத்துடன் 1980ஆம் ஆண்டுவாக்கில் இது ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எதிர்பார்த்த விலை கிடைக்காததால் கைவிடப்பட்ட நத்தைகள் வாய்க்கால் வழியே வயல்களை அடைந்தன. மலேசியாவில் இது 1991இல் கண்டறியப்பட்டது. இது இளம் நாற்றுகளைக் கடித்துத் தின்றுவிடும். நீர் வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைத்துக்கொள்ளும்.

குகைத் தேன் வௌவால், பழந்தின்னி வௌவால் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வட்டாரத்தில் இயற்கையாகவே வாழ்வது. பகலில் பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாகத் தங்கும். இரவில் பல கிலோமீட்டர் பறந்து மலர்த்தேனைத் தேடும். டுரியான் மலர்கள் மாலையில் விரியத் தொடங்குகின்றன. வௌவால் நீண்ட நாக்கால் தேனை நக்கும்போது, அதன் உரோமத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்த மரத்திற்குச் செல்லும்போது மகரந்தமும் உடன் செல்கிறது. பல டுரியான் வகைகள் தம் சொந்த மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை. ஆகவே, இந்த இரவு விருந்தாளியின் வருகை தோட்டக்காரருக்கு இன்றியமையாதது.

இனப்பெருக்கத்திலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. நத்தை நீர்மட்டத்துக்கு மேலே, செடித் தண்டுகளில் இளஞ்சிவப்பு முட்டைகளைக் கொத்தாக இடும். ஒரு கொத்திலேயே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். வௌவாலோ ஒரு தடவையில் ஒரு குட்டியை மட்டுமே ஈனும். எனவே, அழிக்க முயன்றாலும் நத்தைகள் விரைவில் பெருகிவிடும். வௌவால்கள் கொல்லப்பட்டால் அவற்றின் எண்ணிக்கை மீண்டும் உயர நெடுங்காலமாகும்.

நத்தைகளைக் கட்டுப்படுத்த, விவசாயிகள் முட்டைக் கொத்துகளை அகற்றுகின்றனர். நீர் நுழையும் இடத்தில் வலை கட்டுகின்றனர். வயலில் வாத்துகளை மேயவிடுகின்றனர்.

வௌவாலைக் காக்கக் குகைகளைப் பாதுகாத்தால் மட்டும் போதாது. டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் வௌவால்கள் கடலோரச் சதுப்புநிலக் காட்டு மலர்களையும் நாடிச் செல்கின்றன. கடற்கரையில் அக்காடு அழிந்தால், தொலைவிலுள்ள டுரியான் தோட்டத்திலும் விளைச்சல் குறையக்கூடும்.