உங்களுக்குத் தெரியுமா? ஓடாத டயருக்கும் வயதாகும்!

அமெரிக்காவில் படுக்கை, சமையலறையோடு ஊர் சுற்றும் மோட்டார் ஹோம்களின் டயர்கள் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெட்டுவிடுகின்றன. ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். டயரின் பட்டன் தேயவில்லையே என்று நம்பிவிடாதீர்கள்!

மாற்று டயர் வாங்கும்போது, பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் இந்த முழு எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்; மாட்டிய டயரில் அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதில் தவறே இல்லை. கடையில் புதிதாக விற்கும் டயர்கூடக் கிடங்கில் நாள்பட்டுக் கிடந்ததாக இருக்கலாம்.

அளவு பொருந்தினால் மட்டும் போதாது, சுமைத் திறனும் குறையக் கூடாது. வண்டியில் ஏற்றும் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ ஆயிற்றே! ஆட்கள், சாமான், தண்ணீரோடு வண்டியை எடை மேடையில் ஏற்றி, ஒவ்வோர் அச்சின் எடையையும் பார்த்துத்தான் காற்றழுத்தத்தை முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் இவ்வண்டிகளுக்கென்றே ‘சி.பி.’ முத்திரையுள்ள டயர்கள் கிடைக்கின்றன.